விண்ணிலிருந்து கடலின் பச்சையத்தை அளப்பது எப்படி?

கடலின் பச்சையத்தைக் காட்டும் உலகப் படத்தை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கலாம். நடுக்கடல்கள் கருநீலமும் ஊதாவுமாக இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை ஓடும். கரையோரங்கள் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். அது புகைப்படம் அன்று. அதில் உள்ள நிறங்களில் ஒன்றுகூடக் கடலின் உண்மையான நிறம் அன்று. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஓர் எண் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் இருக்கிறது என்பதன் மதிப்பீடு அது. பார்ப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்த எண்களுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு கருவி, ஒரு துளி நீரையும் தொடாமல் அந்த எண்ணை எப்படிச் சொல்கிறது? இந்தப் படங்கள் மீது எனக்குத் தீராத வியப்பு உண்டு. அதனாலேயே, அவற்றை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று வாசகர்களும் அறிந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன். அதற்குச் சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி கடலுக்குள் போய்த் திரும்பிச் செயற்கைக்கோளை அடையும் வழியைப் பின்தொடர்ந்தாலே போதும்.

நீலம் எங்கிருந்து வருகிறது

வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று ஒரு காலத்தில் பெரிய அறிவியலாளர்களே நம்பினார்கள். ராலே பிரபுவின் கருத்தும் அதுதான். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்து சென்ற சி. வி. ராமன் அதை ஏற்கவில்லை. நீர்ப்பரப்பில் தெறித்து வரும் வானொளியை ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் நிக்கோல் பட்டகத்தின் உதவியால் விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. முன்பைவிட ஆழமாகத் தெரிந்தது. அந்த நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்றும், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணம் என்றும் அவர் நிறுவினார்.

சிதறலோடு உறிஞ்சுதலும் சேர்ந்துகொள்கிறது. தூய நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு, ஒன்றரை மீட்டர் நீரைக் கடப்பதற்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நீல ஒளியோ தெளிந்த கடலில் பல பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். அப்படி இறங்கியதில் ஒரு சிறு பங்கு சிதறி, மீண்டும் மேற்பரப்பைத் தாண்டி வெளியே வருகிறது. நாம் காணும் கடல்நீலம் அதுதான்.

இப்போது அந்த நீரில் பைட்டோபிளாங்டன் எனப்படும் நுண்பாசிகளைச் சேர்த்துப் பாருங்கள். இவை நீரோட்டத்தில் மிதந்து திரியும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிர்கள். பெரும்பாலானவை ஒரே உயிரணுவால் ஆனவை. நிலத்துத் தாவரங்களின் இலையில் உள்ள அதே வகைப் பச்சையம் இவற்றிலும் இருக்கிறது. பச்சையம் 440 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தையும் 675 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. இடையிலுள்ள பச்சையை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. ஆகவே நுண்பாசிகள் பெருகப் பெருக, கடலிலிருந்து திரும்பி வரும் நீலம் குறைகிறது. 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை அந்த அளவுக்கு மாறுவதில்லை. நீலக்கடல் மெல்லப் பச்சைக்கடலாகிறது. கடலின் நிறத்தை அளக்கும் கலை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் மீதுதான் நிற்கிறது.

இவ்வளவு சிறிய உயிர்களுக்காக ஏன் இத்தனை பாடு? பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியை இவைதான் செய்கின்றன. ஆனால் உலகத் தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. காரணம், இவற்றின் வாழ்வு சில நாட்களே. பிறந்து, பெருகி, உண்ணப்பட்டு, இறந்து, மீண்டும் பிறக்கும் இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கிறது. ஒரு காட்டை ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தால் போதும். கடலின் இந்தக் காட்டை வாரந்தோறும் பார்க்க வேண்டும். கப்பல்களால் அது ஒருபோதும் முடியாது.

விகிதமும் வாளிநீரும்

நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பச்சையத்தைக் கணிக்கலாம் என்ற எண்ணம் முதலில் விமானத்திலிருந்து சோதிக்கப்பட்டது. ஜார்ஜ் கிளார்க், கிஃபோர்ட் யூயிங், கார்ல் லோரென்சென் ஆகிய மூவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், பச்சையம் மிகுந்த நீருக்கு மேலே பறக்கும்போது திரும்பி வரும் நீல ஒளி குறைவதை அளந்து காட்டினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில், நிம்பஸ் 7 செயற்கைக்கோளில் சி.இசட்.சி.எஸ். என்ற கருவி விண்ணுக்குச் சென்றது. கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட முதல் விண்வெளிக் கருவி அது. இப்படி அளக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க அனுப்பப்பட்ட அந்தக் கருவி 1986 வரை உழைத்தது.

விகிதத்தை மில்லிகிராமாக மாற்றுவது எப்படி? இதற்குச் சுருக்குவழி எதுவும் இல்லை. யாராவது கப்பலில் போய் நீர் எடுத்தாக வேண்டும். எடுத்த நீரை நுண்ணிய கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டுவார்கள். தாளில் தங்கிய நுண்பாசிகளை அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைந்து வந்த பச்சையத்தின் ஒளிர்வை அளப்பார்கள். அதே இடத்தில், அதே நேரத்தில், கடலிலிருந்து வெளிவரும் ஒளியையும் ஒரு கருவியால் பதிவு செய்வார்கள். ஒரு பக்கம் நீல–பச்சை விகிதம், மறுபக்கம் பச்சையத்தின் அளவு. உலகின் பல கடல்களிலிருந்து இப்படிச் சேர்த்த ஆயிரக்கணக்கான இணைகளை வரைபடத்தில் குறித்தால், புள்ளிகள் ஒரு வளைகோட்டைச் சுற்றி அமைகின்றன. அந்த வளைகோட்டின் சமன்பாடே செயற்கைக்கோளுக்கான சூத்திரம்.

பல ஆண்டுகள் பயன்பட்ட ஒரு சூத்திரம் 443, 490, 510 நானோமீட்டர் ஆகிய மூன்றில் எது வலுவாக இருக்கிறதோ அதை எடுத்து 555 நானோமீட்டரால் வகுக்கிறது. தெளிந்த நீரில் 443 வெல்லும். பச்சையம் ஏற ஏற அந்த நீலம் மிகவும் மங்கிவிடுவதால் 490உம், பிறகு 510உம் அதன் இடத்துக்கு வரும். மிகத் தெளிந்த நடுக்கடல்களுக்கு இப்போது விகிதத்துக்குப் பதிலாக வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே படத்தில் நாம் பார்க்கும் எண், செயற்கைக்கோள் நேரடியாகக் கண்டது அன்று. அது கண்டது ஒளியை மட்டுமே. அந்த ஒளியைப் பச்சையமாக மொழிபெயர்க்கும் அகராதியை எழுதியவர்கள், ஆடும் கப்பல் தளத்தில் நின்று வாளி வாளியாக நீர் இறைத்தவர்கள். செயற்கைக்கோள்களுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு அவர்களுக்கும் போக வேண்டும்.

படம் பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் பச்சையம் கன மீட்டருக்கு 0.02 மில்லிகிராம் அளவுக்குத் தாழ்ந்து போகும். வளமான கரையோரங்களில் 10 மில்லிகிராமையும் தாண்டும். இத்தனை பெரிய வீச்சை ஒரே படத்தில் அடக்க, நிற அளவுகோலை மடக்கை முறையில் அமைக்கிறார்கள். 0.01, 0.1, 1, 10 என்று ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு கூடும். நிறத்தில் ஒரு சிறு நகர்வு, நீரில் இரு மடங்கு மாற்றமாக இருக்கலாம். படத்தின் ஓரத்தில் உள்ள அந்தப் பட்டையைப் படிக்காமல் படத்தைப் படிக்க முடியாது.

பாத்திரத்தின் எடையைக் கழிப்பது

உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கடலை நோக்கியிருக்கும் செயற்கைக்கோளை அடையும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் தொண்ணூறு பங்கு கடலுக்குள் நுழைந்ததே இல்லை. காற்றிலேயே சிதறித் திரும்பிய ஒளி அது. நீருக்குள் போய், நுண்பாசிகளைச் சந்தித்து, சேதியோடு திரும்பிய ஒளி மிஞ்சிப்போனால் பத்துப் பங்கு. பல இடங்களில் அதைவிடவும் குறைவு.

எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்து, பிறகு பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல் இதை எண்ணிப் பாருங்கள். மொத்தம் பத்துக் கிலோ. அதில் பாத்திரம் மட்டுமே ஒன்பது கிலோ. எண்ணெய் ஒரே ஒரு கிலோ. பாத்திரத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை செய்தால், எண்ணெயின் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பிழை வந்துவிடும். இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பாத்திரம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் எடை மாறிக்கொண்டே இருக்கிறது.

காற்று மூலக்கூறுகளால் சிதறும் ஒளியைக் கணக்கிடுவது ஒப்பீட்டளவில் எளிது. காற்றழுத்தமும், சூரியனும் கருவியும் இருக்கும் கோணங்களும் தெரிந்தால் போதும். தொல்லை தருவது தூசு, புகை, கடலுப்புத் துகள் போன்ற மிதக்கும் துகள்கள்தான். பாலைவனப் புழுதி கடல் மீது படரும் நாளில் அந்தப் பங்கு எவ்வளவு என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

இதற்குக் கண்டறிந்த வழி மிக அழகானது. தூய நீர் சிவப்பை விழுங்கும் என்று பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை அது இன்னும் பலமாக விழுங்கும். ஆகவே 765, 865 நானோமீட்டர் அலைநீளங்களில் திறந்த கடல் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அந்த அலைநீளங்களில் கருவிக்கு ஏதேனும் ஒளி வந்தால், மூலக்கூறுகளின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவது துகள்களிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு அலைநீளங்களிலும் அது எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால், துகள்கள் எத்தகையவை என்று ஊகிக்கலாம். அதிலிருந்து நீல அலைநீளத்தில் அவை எவ்வளவு ஒளியைச் சேர்த்திருக்கும் என்று கணித்துக் கழித்துவிடலாம். கடல் எதையும் காட்டாத ஒரு நிறத்தைக் கொண்டு கடலை மறைக்கும் திரையை விலக்குகிறார்கள். மயாமி பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கார்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த முறை இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இதுதான்.

இதைத் தவிர, நீர்ப்பரப்பில் சூரியன் கண்ணாடிபோல் பளிச்சிடும் இடங்களை ஒதுக்க வேண்டும். 1997இல் சென்ற சீவிஃப்ஸ் கருவி இதற்காகவே 20 பாகை சாய்ந்து பார்த்தது. மேகம் மூடிய இடங்களில் எதுவும் செய்வதற்கில்லை. கடலின் பெரும்பகுதியை எந்த நேரமும் மேகம் மறைத்திருப்பதால் ஒரு நாள் படம் கந்தல் துணிபோல ஓட்டைகளோடு இருக்கும். நாம் பார்க்கும் முழுமையான படங்கள் எட்டு நாட்கள் அல்லது ஒரு மாதத்துப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தவை.

இவ்வளவு நுண்மையான கழித்தலுக்குக் கருவியின் கண் மங்காமல் இருக்க வேண்டும். ஆனால் விண்வெளியில் எல்லாக் கருவிகளும் மெல்ல மங்குகின்றன. அதைக் கண்டுபிடிக்க சீவிஃப்ஸ் மாதம் ஒருமுறை திரும்பி நிலவைப் பார்த்தது. நிலவில் காற்றில்லை, மழையில்லை, மரமில்லை. அதன் தரை ஒளியைத் திருப்பும் தன்மை மாறுவதில்லை. நிலவு மங்கியதாகத் தெரிந்தால், மங்கியது கருவிதான். மற்றொரு துணை, ஹவாயின் லனாய் தீவுக்கு அருகே 1997 முதல் மிதந்துவரும் மோபி என்ற மிதவை. அந்தத் தெளிந்த நீரில் கடலிலிருந்து வரும் ஒளியை அது நேரடியாக அளக்கிறது. செயற்கைக்கோள் சொல்வதும் மிதவை சொல்வதும் பொருந்தும்படி, கருவியையும் காற்றின் கணக்கையும் சேர்த்துத் திருத்துகிறார்கள்.

தெளிந்த நீர், கலங்கிய நீர்

1977இல் ஆந்திரே மொரெல், லூயி பிரியூர் என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் கடல்நீரை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகையில் நிறத்தை முடிவு செய்வது நுண்பாசிகளும் அவற்றோடு சேர்ந்து கூடிக் குறைபவையும் மட்டுமே. திறந்த கடல் பெரும்பாலும் இவ்வகை. இரண்டாம் வகையில் வண்டலும், ஆறுகள் கொண்டுவரும் கரைபொருள்களும் தனித்தனியே நிறத்தை மாற்றுகின்றன. ஆற்று முகங்களும் ஆழமற்ற கரையோரங்களும் இதில் அடங்கும்.

சூத்திரம் வழுக்கி விழுவது இரண்டாம் வகை நீரில்தான். மட்கிய இலைதழைகளிலிருந்து கரைந்துவரும் பழுப்பு மஞ்சள் பொருள், பச்சையத்தைப் போலவே நீல ஒளியை உறிஞ்சுகிறது. நீலம் குறைந்ததைக் கண்ட சூத்திரம் பச்சையம் கூடிவிட்டதாகச் சொல்லிவிடும். வண்டல் இதைவிடப் பெரிய தொல்லை. அது அகச்சிவப்பையே திருப்பி அனுப்புவதால், கடல் கறுப்பு என்ற அடிப்படையே தகர்ந்து, காற்றின் கணக்கும் பிழையாகிவிடும். ஆழமற்ற தெளிந்த நீரில் வெண்மணல் தரை தெரிந்தாலும் குழப்பம்தான். ஆகையால் பெரிய ஆற்று முகத்தில் அடர்சிவப்பைப் பார்த்தவுடன் அங்கே நுண்பாசிகள் பொங்கி வழிகின்றன என்று முடிவு கட்டக் கூடாது. இருக்கலாம், வெறும் சேறாகவும் இருக்கலாம். கரையோரங்களுக்கென்று தனிச் சூத்திரங்கள் உண்டு. உலகப் படத்தில் அவை எப்போதும் இருப்பதில்லை.

திறந்த கடலிலும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது ஆழம். தெளிந்த கடலில் கருவி சில பத்து மீட்டர் வரைதான் பார்க்கிறது. கலங்கிய நீரில் ஒரு மீட்டர்கூட இருக்காது. வெப்பக் கடல்களில் ஒளி குறைந்த, சத்து மிகுந்த ஆழத்தில், சில இடங்களில் 100 மீட்டருக்கும் கீழே, பச்சையம் மிகுந்த ஓர் அடுக்கு இருக்கும். அது வானிலிருந்து தெரியாது. நீருக்குள் இறங்கி ஏறும் தானியங்கி மிதவைகள்தான் அதைக் காட்டுகின்றன.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. பச்சையம் கூடினால் நுண்பாசிகள் கூடின என்று பொருள் கொள்ள முடியாது. நிழலில் வளரும் செடி கூடுதல் பச்சையத்தைச் சேர்த்துக்கொள்வதுபோல, ஒளி குறைந்த காலத்தில் நுண்பாசியும் தன் உயிரணுவில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. எண்ணிக்கை மாறாமலே படத்தின் நிறம் மாறலாம்.

கண்டவை

1986க்குப் பிறகு பத்தாண்டுகள் கடலின் நிறத்தை உலகளவில் பார்க்க ஒரு கருவியும் இல்லை. 1996இல் ஜப்பான் அனுப்பிய கருவியும் செயற்கைக்கோள் பழுதானதால் பத்து மாதங்களில் நின்றுபோனது. அந்த ஆண்டுகள் இனித் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. 1997 ஆகஸ்டில் சீவிஃப்ஸ் ஏவப்பட்டது முதல் இந்தப் பதிவு இடைவிடாமல் தொடர்கிறது. ஐந்தாண்டுகளுக்கென்று செய்யப்பட்ட அது 2010 டிசம்பர் வரை உழைத்தது. அமெரிக்காவின் மோடிஸ், விர்ஸ், ஐரோப்பாவின் மெரிஸ், சென்டினல் 3, 1999இல் தொடங்கிய இந்தியாவின் ஓஷன்சாட் வரிசை எல்லாம் சேர்ந்து அந்தச் சங்கிலியை நீட்டின.

சீவிஃப்ஸ் வந்த நேரம் எல் நினோ உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆழத்துச் சத்துநீர் மேலே வருவது தடைப்பட, வழக்கமான பச்சைப் பட்டை வெளிறிப்போனதை அது பதிவு செய்தது. 1998இன் நடுப்பகுதியில் நிலைமை மாறிக் குளிர்நீர் மேலெழுந்ததும், அதே கடல் சில வாரங்களில் பச்சையாகப் பொங்கியது. 1999 பிப்ரவரியில் தென்பெருங்கடலில் ஓர் ஆய்வுக் குழு இரும்புச் சத்தைக் கரைத்து நுண்பாசி பெருகுகிறதா என்று சோதித்தது. கப்பல் திரும்பிய பின்னும், ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, அந்தப் பாசித்திட்டு 150 கிலோமீட்டர் நீள வளைந்த நாடாவாக விரிந்து கிடப்பதை சீவிஃப்ஸ் படம் காட்டியது. மனிதர் கடலில் விதைத்தது வானிலிருந்து தெரிந்தது.

அன்றாடப் பயன்களும் உண்டு. நீலநீரும் பச்சைநீரும் சந்திக்கும் எல்லைகளில் மீன்கள் கூடுவதால், பச்சையப் படத்தையும் கடல்மேற்பரப்பு வெப்பப் படத்தையும் இணைத்து மீன்வளப் பகுதிகளைக் கணித்துச் சொல்கிறார்கள். இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது இன்காய்ஸ் நிறுவனம்.

நீண்டகால மாற்றத்தைக் காண்பது மட்டும் எளிதாக இல்லை. பச்சைய அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், அதில் காலநிலை மாற்றத்தின் தடத்தைப் பிரித்தறியப் பல பத்தாண்டுப் பதிவு வேண்டும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு வேறு வழியில் போனது. பச்சைய எண்ணை விட்டுவிட்டு, மோடிஸ் கருவி இருபது ஆண்டுகளில் அளந்த பல அலைநீளங்களின் ஒளியையும் ஒன்றாக ஆராய்ந்தது. உலகக் கடற்பரப்பில் 56 விழுக்காட்டில் நிறம் மாறியிருந்தது. வெப்பமண்டலக் கடல்கள் பொதுவாகப் பச்சையை நோக்கி நகர்ந்திருந்தன. ஒற்றை எண்ணாகச் சுருக்கியபோது தெளிவாகத் தெரியாத மாற்றம், நிறத்தை முழுமையாகப் பார்த்தபோது தெரிந்தது.

2024 பிப்ரவரி 8 அன்று ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோள் இந்த வழியில் அடுத்த படி. பழைய கருவிகள் ஏழெட்டு அலைநீளங்களைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தன. பேஸ் புறஊதாவிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை இடைவெளியின்றிப் பார்க்கிறது. டயாட்டம் பாசிக்குப் பழுப்பேற்றும் நிறமியும் நீலப்பச்சைப் பாசியின் சிவப்பு நிறமியும் ஒளியை வெவ்வேறு இடங்களில் உறிஞ்சுகின்றன. அந்தச் சிறு பள்ளங்களைப் பிரித்தறிந்தால், கடலில் எவ்வளவு பாசி என்பதோடு எந்தப் பாசி என்றும் சொல்ல முடியும். அதற்கான அகராதியை எழுத, கப்பல்கள் மீண்டும் நீர் எடுத்துக்கொண்டிருக்கின்றன.